முதல் சளி யார் தந்தது?

பிறந்த குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று பார்த்துப் பார்த்து மகிழ்ந்த ஊர்தான் இது. இப்போதோ அந்த மூக்கில் முதலில் என்ன ஏறுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நெஞ்சைக் கட்டி மூச்சை அடைக்கிற ஈளைக் காய்ச்சல் வந்தாலும் வந்தது, கோயம்புத்தூரில் ஜாதகத்துக்கு இருந்த மவுசு பாதியாகக் குறைந்துபோனது. பெண் பார்க்க வருகிறவர்கள் நட்சத்திரம் கேட்பதற்கு முன்னால், "பொண்ணு நீலமுங்களா, சிவப்புங்களா?" என்று கேட்கிறார்கள்.

நீலமும் சிவப்பும் ரத்தச் சோதனைப் பட்டையில் விழுகிற கோடுகள். ஒருவருக்குப் பச்சைக் குழந்தையாக இருந்தபோது வந்த முதல் சளி எது என்று அந்தக் கோடு சொல்லிவிடும். ஊரில் காலம்காலமாகச் சுற்றுகிற சாதாரணச் சளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று முதலில் வந்தவர்கள் நீலம். ஈளைக் காய்ச்சல் தாக்கினாலும் இரண்டு நாள் இருமிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மற்றது முதலில் வந்தவர்கள் சிவப்பு. அவர்களில் பலர் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் எந்தச் சளி எத்தனை தடவை வந்தாலும் கணக்கில்லை. முதலில் வந்ததுதான் கணக்கு.

ஆகவே சாருமதி தன் பாப்பாவுக்குக் காவல் இருந்தாள். காவல் என்றால் அப்படி இப்படிக் காவல் இல்லை. கணவன் தருண் பம்ப் கம்பெனியிலிருந்து வந்தால் குளித்து, துணி மாற்றி, மாஸ்க் போட்டுக்கொண்டுதான் குழந்தை இருக்கும் அறைக்குள் கால் வைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பார்த்துக்கொள்ள வந்த அவளுடைய அம்மா சுகன்யாவுக்கும் அதே சட்டம். எதிர் வீட்டில் யாராவது தும்மினால் இங்கே ஜன்னல் சாத்தப்படும். சொந்தக்காரர்கள் வந்தால் வெளிப்படியில் ஏறி, பால்கனியில் நின்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். "கலெக்டர் வீட்டுலகூட இவ்வளவு கெடுபிடி இருக்காது சாமி" என்று சொல்லிவிட்டு, வருவதையே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

இத்தனையும் சொட்டு வைக்கிற நாள் வரைக்கும்தான். மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில், நல்ல சளியான நீலத்தின் கிருமியை வலுவிழக்கச் செய்து, மருந்தாக மூக்கில் ஒரு சொட்டு விடுவார்கள். குழந்தையின் உடம்பு அதைத்தான் முதல் சளி என்று எடுத்துக்கொள்ளும். ஆயுசுக்கும் நீலம். ஆஸ்பத்திரியில் நர்ஸே வைத்துவிடுவார். ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க ராசியான ஆளைத் தேடுவதுபோல, சொட்டு வைக்கவும் ஆள் தேட ஆரம்பித்தார்கள். வைக்கிறவர் நீலமாக இருக்க வேண்டும், காய்ச்சலின் எந்த அலையிலும் படுக்காதவராக இருக்க வேண்டும், குணமும் நன்றாக இருக்க வேண்டும். மண்டபம் பிடித்து, தாம்பூலப் பை கொடுத்து, சொட்டு விசேஷம் என்று ஒரு விசேஷமே முளைத்துவிட்டது.

முறைப்படி பார்த்தால் அந்த உரிமை அத்தைக்குத்தான். பாப்பாவுக்கு அத்தை என்று இருந்தது ஒரே ஆள், தருணின் அக்கா மேகவர்ஷினி. ஆனால் மேகா சிவப்பு. அவள் கணவனும் சிவப்புதான். இரண்டாவது அலையில் போய்விட்டான். மேகா எப்படியோ பிழைத்தாள். குழந்தை குட்டி கிடையாது. கல்லூரி கேன்டீனில் வேலை பார்த்தவளை, சிவப்பு என்று தெரிந்ததும் மரியாதையாகப் பேசி வெளியே அனுப்பிவிட்டார்கள். சிவப்பு என்பது நோய் இல்லை, அது ஒட்டாது என்று டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். யார் காதில் ஏறியது? இப்போது கவுண்டம்பாளையத்தில் பழைய மோட்டார் பிரிக்கிற கிடங்கில் ஒரு வேலை, அதே தெருவில் ஒரு அறை.

சொட்டு வைக்கச் சாருமதியின் சித்தப்பாவைச் சொல்லியாயிற்று. அதைத் தருண் போனில் சொன்னபோது மேகா, "சரிப்பா, நல்லபடியா நடக்கட்டும்" என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பாப்பாவைப் பார்த்து வாயைக் குவித்து விளையாட்டுக் காட்டிவிட்டுப் போவாள். அவள் போன பிறகு சுகன்யா கண்ணாடியைச் சானிடைசர் போட்டுத் துடைப்பாள். அந்தப் பக்கத்தை மட்டும் இல்லை, இந்தப் பக்கத்தையும்.

விசேஷத்துக்கு முந்தின வாரம் பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். பட்டை வெறுமையாக இருந்தால்தான் சொட்டு வைக்க முடியும். டாக்டர் நஸ்ரின் பட்டையைப் பார்த்தார், பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து மறுபடி சோதித்தார்.

"சிவப்பு விழுந்திருக்கு. பாப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு சளி வந்து போயிருக்கு" என்றார் டாக்டர்.

"வாய்ப்பே இல்ல மேடம். ஒரு தும்மல்கூட போடலையே!"

"போடணும்னு அவசியமில்லம்மா. நீங்க கொடுத்த எதிர்ப்புச் சக்தி இன்னும் கொஞ்சம் பாப்பா உடம்புல ஓடுது. அதனால அமுக்கமா வந்துட்டுப் போயிருக்கும். ஒருநாள் பால் கொஞ்சம் குறைச்சுக் குடிச்சிருப்பா, அவ்வளவுதான்."

"அப்ப சொட்டு?"

"சொட்டு வெக்கலாம். ஆனா அது ரெண்டாவது பாடமாத்தான் போகும்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உடம்பை ஒரு போலீஸ் ஸ்டேஷன்னு வெச்சுக்கங்களேன். முதமுதல்ல பிடிச்ச திருடன் மூஞ்சி அப்படியே மனசுல பதிஞ்சிரும். அப்புறம் அதே ஜாடையில எவன் வந்தாலும், பழைய ஆளைப் பிடிச்ச மாதிரியேதான் பாய்வாங்க. முதல் திருடன் நீலச் சளின்னா, ஈளைக் கிருமி வர்றப்ப பிடி சரியா கழுத்துல விழும். சிவப்புன்னா கை சட்டையத்தான் பிடிக்கும். ஆள் நழுவிருவான். இவங்க விடாம மேல மேல ஆளைக் கூட்டி, ஸ்டேஷனையே உடைச்சுருவாங்க. நுரையீரல் வீங்கறது கிருமியாலன்னு நெனைக்கறீங்க. பாதிக்குப் பாதி நம்ம உடம்பு பண்ற கலாட்டாதான்."

"எம்பொண்ணு செத்துருவாளா டாக்டர்?"

"சீ, என்ன பேச்சு இது! சிவப்பு எல்லாரும் சாகறதில்ல. அடுத்தடுத்து ஊசி போட்டு வேற பாடமும் சொல்லிக்கொடுக்கலாம். முதல் பாடம் அழியாது, அவ்வளவுதான். மழைக்காலத்துல கொஞ்சம் கூடுதலா பாத்துக்கணும்."

சாருமதிக்கு அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"யார் கொடுத்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

டாக்டர் பட்டையை எடுத்து உறையில் போட்டார். "முடியும். சமீபத்துல யார் உடம்புல அந்தச் சளி வந்து போச்சோ, அவங்க ரத்தத்துல அது இன்னும் புதுசா தெரியும். ஆனா தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"தெரியணும் மேடம்" என்றாள் சாருமதி.

வீட்டுக்கு வந்ததும் சுகன்யா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தவள் மூக்கைச் சிந்திவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், தருண்கிட்ட சொல்லாத. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம நீ குளிச்சிட்டிருந்தே. நான் அடுப்படியில இருந்தேன். வந்து பாக்கறேன், பாப்பா உள்ளங்கால்ல மைப்பொட்டு. நான் வெக்கல. நீ வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் எங்கம்மா வெச்சேன்? மையே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களே!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருஷ்டிப் பொட்டு தானாக வந்து உட்காருமா? கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தி உள்ளே வந்திருக்கிறாள். குழந்தையைத் தொட்டிருக்கிறாள்.

"அவ கண்ணு பட்டாலே ஆகாது, மூச்சு வேற பட்டுச்சா!" என்று பல்லைக் கடித்தாள் சுகன்யா. "தனக்கு இல்லாதது தம்பி வீட்டுல மட்டும் நல்லா இருந்துருமான்னு வேணும்னே பண்ணியிருப்பா. வயித்தெரிச்சல்."

அம்மா எப்போதும் ஒன்றை ஒன்பதாக்குகிறவள் என்பது சாருமதிக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை அதை மறுக்க மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த சிரிப்பை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். விளையாட்டுக் காட்டத்தான் வாயைக் குவித்தாளா, ஊதிப் பார்த்தாளா? விளக்கு வைக்கிற நேரத்தில் தருண் வந்தபோது, அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "உங்க அக்கா ரத்தம் கொடுக்கணும். இல்லைன்னா நான் பாப்பாவைத் தூக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிருவேன்."

மேகா மறுக்கவில்லை. கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, விரலிடுக்கில் கிரீஸ் கறையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்தாள். ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"ரிசல்ட் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கறீங்க? நாந்தான்" என்றாள்.

தருண் எழுந்துவிட்டான். "அக்கா, என்ன சொல்ற நீ?"

"உள்ள வந்தேன் தம்பி. கதவு சாத்தியிருந்துச்சு, தாழ் போடல. மாஸ்க் போட்டுட்டுத்தான் இருந்தேன். கிட்டத்துல பாக்கறப்ப... ஒரு நிமிசம் எறக்கிட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? ஏன், நீ கெட்டது பத்தாதா?"

அந்த வார்த்தை வெளியே வந்ததும் தருணுக்கே சுருக்கென்றது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மேகா தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போனாள். சுகன்யா அவள் முதுகுக்குப் பின்னால் வாய்க்கு வந்தபடி திட்டினாள். மருந்து வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திருடி கையும் களவுமாக அகப்பட்டபோது வருகிற நிம்மதி ஏன் தனக்கு வரவில்லை என்று சாருமதி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தை ரத்து செய்தார்கள். சொந்தத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? அத்தையே பாப்பாவைக் கெடுத்துவிட்டாள் என்று ஈரோடு வரைக்கும் போய்விட்டது. தருண் அக்காவின் எண்ணைப் போனிலிருந்தே நீக்கினான். பாப்பா மட்டும் ஒன்றும் தெரியாமல் கொழுக் மொழுக்கென்று கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.

மறுவாரம் டாக்டர் நஸ்ரின் சாருமதியை மட்டும் அழைத்தார். "உங்க நாத்தனார் ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. ரொம்ப நாளா அவங்களுக்குச் சளியே பிடிக்கல" என்றார்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்களே!"

"அது எனக்குத் தெரியாதும்மா. ரத்தம் சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும்."

அப்படியானால் இன்னும் வீட்டுக்குள்தான் ஆள் இருக்கிறது. அம்மாவா? தருணா? பரிசோதனை முகாம் என்று பொய் சொல்லி இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். இருவர் ரத்தத்திலும் ஒன்றுமில்லை. கடைசியில் டாக்டர், "நீங்க?" என்று கேட்டபோது சாருமதிக்குச் சிரிப்புதான் வந்தது. "நானா? நான் நீலம் மேடம். எனக்கு மூக்குகூட ஒழுகல."

"நீலக்காரங்களுக்குச் சிவப்புச் சளி வந்தா ஒழுகவே ஒழுகாது. வந்ததே தெரியாது. கையை நீட்டுங்க."

முடிவு வந்தது. அவளுடைய ரத்தத்தில் அது பளிச்சென்று இருந்தது. பாப்பாவுக்கு வந்ததற்குச் சற்று முன்னால் வந்தது.

ஆஸ்பத்திரி தவிர, ஒரே ஒருநாள்தான் அவள் வெளியே போயிருந்தாள். சொட்டு விசேஷத்துக்குப் பாப்பாவுக்கு வெள்ளி அரைஞாண் எடுக்க, நகைக்கடைக்கு. கடையில் கூட்டம் நெரித்தது. சேல்ஸ் பெண் ரோஸ்மில்க்கை நீட்டி, "குடிங்க மேடம், நம்ம கடை ஸ்பெஷல்" என்று வற்புறுத்தினாள். வெயிலில் வந்த களைப்பு. மாஸ்க்கைக் கழற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் நாலு டிசைன் காட்டச் சொன்னாள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தாள். அப்புறம் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். பெற்ற தாய் மாஸ்க் போட்டுக்கொண்டா பால் கொடுப்பாள்?

ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டோமே, எமன் நாமாகவே இருந்தோமே என்று நெஞ்சு வெடித்தது. அழுகை அடங்கியதும் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இது தருணுக்குத் தெரியக்கூடாது. அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

அதற்கடுத்து ஒரு சந்தேகம் மெல்லத் தலைதூக்கியது. செய்யாத குற்றத்தை எவளாவது வலியப் போய் ஒத்துக்கொள்வாளா? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. மேகாவுக்கு என்ன தெரியும்? எவ்வளவு தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் சாருமதிக்குச் சோறு இறங்காது. மறுநாள் மதியம், பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கவுண்டம்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

மேகா கதவைத் திறந்ததும் ஒரு கணம் பதறிப்போனாள். "பாப்பாவுக்கு ஏதாச்சும்...?"

"நல்லா இருக்கா அண்ணி. சும்மாதான் வந்தேன்."

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கணவனின் போட்டோ. மேகா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சாருமதி மாஸ்க்கைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். அதை மேகா கவனித்தாள்.

"எதுக்கு அண்ணி அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க? ரிசல்ட் வர்றதுக்கு முன்னாலயே?"

"இல்லைன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்ளா?" என்று கேட்டாள் மேகா. "மூணு பேர் கண்ணும் என்ற மேலதான் இருந்துச்சு. எனக்கே சந்தேகமில்ல, சாரு. உள்ள வந்தேன், மாஸ்க்கை எறக்கினேன், பாப்பா சிரிச்சா. நெத்தியில ஒரு முத்தம் வெச்சேன். நான் இல்லாம வேற யாரா இருக்க முடியும்?"

சாருமதி மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாவத்தப் பண்ணிட்டேன்னு அழுதேன். சத்தியமா அழுதேன். ஆனா உன்கிட்ட மறைக்க மாட்டேன், உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல சந்தோசமாவும் இருந்துச்சு. சொட்டு வெக்கத்தான் என்னைக் கூப்புடல. ஆனாலும் மொத மூச்சு அத்தை மூச்சுன்னு ஆயிருச்சில்ல? என்னை மாதிரியே ஒருத்தி இந்தப் பூமியில வளர்றான்னு நெனச்சேன். எவ்வளவு கேடுகெட்ட புத்தி பாரு எனக்கு." மேகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நேராகச் சாருமதியின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "ரிசல்ட் வந்துருக்குமே? நாந்தானே?"

இதோ, உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது. 'நீங்க இல்ல அண்ணி, நான்தான்.' அவ்வளவுதான், மூன்று நான்கு சொல். சொன்னால் இவள் தலையிலிருந்து பாவம் இறங்கும். ஆனால் அந்தச் சந்தோஷமும் போய்விடுமே என்று சாருமதி நினைத்தாள். அவள் நல்லதுக்குத்தானே என்றும் நினைத்தாள். எதற்காக வேண்டுமானாலும் இருக்கட்டும், வாயில் வந்தது இதுதான்:

"ஆமாங்க அண்ணி. உங்க ரத்தத்துலதான் இருந்துச்சு."

மேகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கிடங்கில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரத்தம் எடுத்த நர்ஸ் புள்ள போன வாரமே போன்ல கூப்பிட்டுச்சு சாரு" என்றாள் கடைசியில். "ரத்தம் குடுத்தவங்களுக்கு மொதல்ல சொல்லோணுமாம். உங்களுக்கு ஒண்ணுமில்லீங்கக்கான்னு சொல்லிருச்சு."

சாருமதிக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. "தெரிஞ்சேவா கேட்டீங்க?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கலாம்னுதான் கேட்டேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் சாருமதியை அதிகம் கலவரப்படுத்தியது. "தம்பியா இருந்தா நீ இப்படி வேர்க்க மாட்டே. உங்கம்மாவா இருந்தா இந்நேரம் திட்டித் தீர்த்துட்டு, அழுதுட்டுத்தான் வந்திருப்பே. அப்ப யாருன்னு எனக்குத் தெரியும்."

"அண்ணி, நான் வேணும்னு..."

"எந்தத் தாயாவது வேணும்னு பண்ணுவாளா? அழுகாத." மேகா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. கெட்ட பேர் எனக்குப் பழகிருச்சு. நாந்தான்னே இருக்கட்டும். தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஞாயித்துக்கெழமயிலிருந்து பாப்பாவை மடியில வெச்சுக்குவேன். இனிக் கெடுக்கறதுக்கு என்ன இருக்குது? உங்கம்மா ஏதாச்சும் சொன்னாங்கன்னா நீதான் பதில் சொல்லோணும்."

சாருமதி சரியென்று தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேகா முன்வாசல் வழியாகவே வந்தாள். சுகன்யா துள்ளிக் குதித்தாள். தருண் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அத்தைதானே, வெச்சுக்கட்டும்" என்று சாருமதி சொன்னபோது இருவரும் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். தருணின் கண்ணில் மட்டும் கொஞ்சம் ஈரம் கட்டியது. பெண்டாட்டிக்கு இவ்வளவு பெரிய மனசா என்று நினைத்திருப்பான், பாவம்.

மேகா சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டாள். மாஸ்க் இல்லை. முகத்தோடு முகம் வைத்து ஊதி ஊதிச் சிரிக்கவைத்தாள். எதிரே நின்ற சாருமதி அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்பெல்லாம் அந்த வாயிலிருந்து வருகிற மூச்சுக்குப் பயந்தாள். இப்போது பேச்சுக்குப் பயந்தாள். அந்த உதடு ஒவ்வொரு தடவை பிரியும்போதும் அவளுக்கு நெஞ்சு நின்று நின்று அடித்தது.

மேகா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சாரு அப்படியே நின்னுட்டே?" என்றாள் சிரித்துக்கொண்டே. "பால் குடுக்கற நேரமாச்சா?"